பேரம் கற்ற லாரி

பூங்கோதையின் லாரிக்கு டிரைவர் கிடையாது. வாடகை பேசுவதுகூட லாரியேதான். எல்லாம் அவளைப் பார்த்துக் கற்றது.

நாமக்கல் புக்கிங் ஆபீசில், முட்டை லோடுக்கான வாடகையைப் புரோக்கர் வையாபுரி அநியாயத்துக்குக் குறைத்தான். "கட்டுபடியாகாதுங்க, நான் கிளம்பறேன்" என்றது லாரி. கேட் வரை விறுவிறுவென்று போனது. அங்கே நின்று, காற்று சரியாக இருந்த டயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தது.

வையாபுரி எதிரே உட்கார்ந்திருந்த பூங்கோதையைப் பார்த்துக் குலுங்கிச் சிரித்தான். "ஏனுங்க்கா, நீங்க கோவிச்சுக்கிட்டுக் கிளம்பி வாசல்ல செருப்புத் தேடுவீங்களே, அதே மாதிரி இருக்குதுங்க."

"நான் எப்பத் தேடுனேன்?"

பூங்கோதை விருட்டென்று எழுந்து நடந்தாள். வாசலில் நின்று, கண்ணெதிரே கிடந்த செருப்பைக் குனிந்து தேடத் தொடங்கினாள்.

"ரெண்டு பேரும் திரும்பி வாங்க. கேட்ட வாடகையே தந்துடறேன்!"

அவன் சொல்லி முடிப்பதற்குள் லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.