மூன்று பீப்

"மூணு தடவை பீப்னு கத்துதா, நாலு தடவையா? சரியாக் கேட்டுச் சொல்லு தம்பி!"

தரையில் கிடந்த செல்போனிலிருந்து ஓர் அம்மாளின் குரல் கணீரென்று வந்தது. மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தவன் காதைத் தீட்டிக்கொண்டான்.

"மூணு, மேடம். ஃபேன் சுத்துது. ஸ்கிரீன் மட்டும் கும்மிருட்டு."

"பிளக் எல்லாம் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு மேடம்."

"நீ பார்க்கலை. எல்லாரும் இப்படித்தான் புளுகுவாங்க. போய்ப் பாரு."

பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு அவன் இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் வேலைக்கு உட்கார்ந்தாக வேண்டும். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம். மூன்றாவதும் விழுந்தால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சலுகை போய்விடும். அப்புறம் மதியம் பள்ளி விட்டு வரும் மகளை யார் பார்த்துக்கொள்வது? அந்தப் பதற்றத்தில் மூளை சுத்தமாக வேலைநிறுத்தம் செய்துவிட்டது.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டே மகளுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உங்க ஆபீஸ்லயே யாரையாவது கேட்கக் கூடாதா?"

"கேட்டா காலத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க!"

"குடும்பச் சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க" என்றது போன். பின்னணியில் என்னவோ கடகடவென்று ஓடி நின்றது. "சுவிட்சை அணைச்சு ஒயரைப் பிடுங்கு. பவர் பட்டனை முப்பது எண்ணுற வரைக்கும் அமுக்கிப் பிடி. பக்கவாட்டு மூடியைக் கழட்டு. உள்ளே கை விடறதுக்கு முன்னாடி இரும்புச் சட்டத்தைத் தொடு."

"தொட்டுட்டேன்."

"ரெண்டு ஓரத்துலயும் கொக்கி போட்டு, சீப்பு மாதிரி நீளமா ஒண்ணு நிக்கும். அதுதான் மெமரி. மெதுவா எடுத்து, தங்க நிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால தேய்."

"பாப்பா, உன் ரப்பரைக் குடு!"

மகள் பென்சில் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "யானை ரப்பரா? தும்பிக்கை தேஞ்சிடும்ப்பா."

"வால் பக்கமாத் தேய்ச்சுக்கறேன்டா கண்ணு."

வால் என்பதால் சம்மதித்தாள்.

"தேய்ச்ச தூளை ஊதாதே, துணியால துடை" என்று போன் தொடர்ந்தது. "இப்ப திரும்ப மாட்டு. பாபின் மாட்டுற மாதிரி 'கிளிக்'னு உட்காரணும். அரைகுறையா விட்டா மறுபடியும் அதே பாட்டுதான்."

'கிளிக்.' இன்னொரு பக்கமும் 'கிளிக்.'

ஒயரைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினான். ஒரே ஒரு பீப். திரையில் மகளின் படம் பொக்கை வாய் தெரியச் சிரித்தது. அவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"தெய்வம் மேடம் நீங்க!"

மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவசரமாக நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினான். செல்போனை அணைக்கக்கூட மறந்துவிட்டான். சரியாகப் பத்துக்கு முதல் அழைப்பு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வணக்கம், கம்ப்யூட்டர் உதவி மையம். பதறாதீங்க சார். முதல்ல பிளக் சரியா இருக்கான்னு பாருங்க... இல்லை சார், நீங்க பார்க்கலை."

தரையில் கிடந்த போன் கலகலவென்று சிரித்தது.

"நீயே மறந்துட்டு என் நோட்டை நம்பிக் கூப்பிட்டியே! போன வருஷம் என் தையல் கடைக் கம்ப்யூட்டர் படுத்தப்போ, நீ இதே குரல்ல சொல்லச் சொல்லத்தானே தம்பி, அளவு நோட்டுல ஒரு வரி விடாம எழுதி வச்சேன்!"