வீட்டுக்கு ஓர் ஆள்

பிரகாஷின் வலது கையை முத்துராஜ் துடுப்பால் அடித்து ஒடித்துவிட்டான். அதுவும் பட்டப்பகலில், படகுத்துறையில், நாலு பேர் பார்க்க.

இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிளஸ் டூ படிக்கிறவர்கள். நேற்று வரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

ஏன் அடித்தாய் என்று முத்துராஜின் தாய் தேவகி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். அவன் வாயே திறக்கவில்லை. புருஷன் மங்களூர்ப் பக்கம் படகு வேலைக்குப் போயிருக்க, பெற்ற பிள்ளையோடு தனியாக இருக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. இன்று சிநேகிதன் கை, நாளை யார் கழுத்தோ?

மத்தியானம் ஊர்ப் பெரியவர் ஆதிகேசவன் கூப்பிட்டு விசாரித்தார். அங்கேயும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றான்.

"சொந்த ஊர்க்காரனை அடிக்கிறது இன்னா வீரம்? அந்தக் கோவத்தை நாளைக்கு அக்கரைக் குப்பத்தான் மேல காட்டு" என்றார் அவர். நியாயமான பேச்சு என்று கூட்டமே தலையாட்டியது.

பழவேற்காடு ஏரியில் முறைவைத்து வலை போடும் இடத்துக்குப் பாடு என்று பேர். இந்த வருஷம் இறால் பாடு யாருக்கு என்று இரண்டு குப்பத்துக்கும் தகராறு. நாளை விடிந்ததும் வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை கத்தி கம்போடு படகு ஏற வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. வராத வீட்டைத் தள்ளிவைத்துவிடுவார்கள். தேவகி வீட்டிலிருந்து முத்துராஜ் போகிறான். அதை நினைத்தே அவளுக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் பிரகாஷின் தாய் திரௌபதி வாசலில் வந்து நின்றாள். ஒரே பிள்ளையை வைத்துக்கொண்டு கருவாடு விற்றுப் பிழைக்கிற விதவை. மண்ணை வாரித் தூற்றுவாளோ, போலீசுக்குப் போவாளோ என்று தேவகி மகனை மறைத்துக்கொண்டு நின்றாள்.

திரௌபதி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். நேராக முத்துராஜிடம் போய், அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பொன்னேரியில கட்டு போட்டாச்சு. கை ஒடிஞ்சவன் எதுக்குன்னு நாளைக்குப் படகு ஏறுறவங்கள்ல இருந்து பிரகாஷ் பேரை எடுத்துட்டாங்கடா" என்றாள்.

தேவகிக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான்தான் அடிக்கச் சொன்னேன் தேவகி. போன தடவை சண்டைக்கு அவன் நைனாவை அனுப்பிட்டுப் பொணமாத்தான் வாங்கினேன். பிரகாஷை நானே அடிக்கலாம்னு பார்த்தேன். பெத்த கை, ஓங்கவே மாட்டேன்னுடுச்சி. அதான் உன் புள்ளகிட்ட கெஞ்சினேன்."

தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று தேவகி மகனைக் கேட்டாள்.

"வெளிய தெரிஞ்சா கட்டு போட்ட கையோடயே அவனை இழுத்துனு போவாங்கம்மா" என்றான் முத்துராஜ். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. "அவன் கத்தினது இன்னும் காதுலயே கீது."

தேவகி மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போய், ஒரு சவுக்குக் கட்டையை எடுத்துவந்து திரௌபதியிடம் நீட்டினாள்.

"எனக்கும் கை வராதுக்கா. இவனை நீ அடி."