மணிக்கு அறுபது காலர்

ஊசியைத் திருப்பி வைக்கப் பத்து நொடிகூட ஆகவில்லை.

பக்கத்துத் தையல் மெஷினின் திருகாணியைத் தளர்த்தி, ஊசியை இம்மியளவு திருப்பி, மறுபடி முடுக்கிவிட்டுத் தன் மெஷினுக்கு வந்து உட்கார்ந்தாள் காலர் அக்கா. ஊசி சரியான பக்கம் பார்த்து நிற்காவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். இருபத்திரண்டு வருஷமாகச் சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பவளுக்கு இது தெரியாதா?

"முடிஞ்சுதா?" என்றாள் பின்னால் இருந்த பட்டன்காரி, தலையைத் தூக்காமலே.

"வாயை மூடு. வர்றா பாரு."

வந்தவள் எக்ஸ்பிரஸ். போன மாதம் விமானத்தில் வந்து இறங்கிய எட்டு வெளிநாட்டுப் பெண்களில் ஒருத்தி. இத்தனை நாள் மாடியில் பயிற்சி, கூடவே கொஞ்சம் தமிழும். நேற்று மதியம்தான் கீழே கொண்டுவந்து, பழகிக்கொள்ளட்டும் என்று பக்கத்து மெஷினில் உட்காரவைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் எண்பத்தைந்து காலர் தைத்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். பேர் என்னவென்று யாரும் கேட்கவில்லை. பட்டன்காரி வைத்த பேரே நிலைத்துவிட்டது.

இந்த ஃபாக்டரியில் டார்கெட் மணிக்கு அறுபது. காலர் அக்கா நல்ல நாளில் அறுபத்திரண்டு போடுவாள். மணிக்கட்டு வலிக்கிற நாளில் முக்கி முனகி அறுபது. சம்பளம் ஏறி நாலு வருஷமாகிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் பத்துப் பேராகச் சேர்ந்து கேட்கப் போனார்கள். மேனேஜர் கோபப்படவே இல்லை.

"கட்டுப்படியாகலைன்னா சொல்லுங்கம்மா. இதே சம்பளத்துக்குப் பறந்து வர ஆள் இருக்கு."

சொன்னபடி பறந்து வந்துவிட்டார்கள்.

இன்றைக்கு எக்ஸ்பிரஸைத் தைக்கவிட்டு ஸ்டாப்வாட்சில் நேரம் பார்க்கப் போகிறார்கள். அவள் எண்பத்தைந்து போட்டால் நாளையிலிருந்து எல்லோருக்கும் டார்கெட் எண்பது. எட்ட முடியாதவர்களுக்கு மாதக் கடைசியோடு வேலை இல்லை. முதலில் போவது யாரென்று காலர் அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கட்டே சொன்னது.

எக்ஸ்பிரஸ் உட்கார்ந்ததும் அவளைப் பார்த்துச் சிரித்தாள். காலர் அக்காவின் மணிக்கட்டில் சுற்றியிருந்த பேண்டேஜைக் காட்டி, "வலி, அக்கா?" என்றாள்.

"உன் வேலையைப் பாரு."

முகத்தைத் திருப்பிக்கொண்டவள், மேனேஜரும் சூப்பர்வைசரும் வாட்ச்காரரும் வந்து நிற்கும்வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆரம்பிம்மா," என்றார் வாட்ச்காரர்.

மூன்றாவது காலரில் எக்ஸ்பிரஸின் நூல் அறுந்தது. கோத்தாள். ஏழாவதில் மறுபடி அறுந்தது. பட்டன்காரி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். அப்புறம் எத்தனை தடவை அறுந்தது என்று யாரும் எண்ணவில்லை.

ஒரு மணி நேரம் முடிந்தபோது ஐம்பத்தொன்று.

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். "எண்பத்தஞ்சுன்னீங்க?"

"நேத்து போட்டா சார்... என் கண்ணால பார்த்தேன்."

"அப்ப நேத்தே வாட்ச்சைக் கொண்டு வந்திருக்கணும்."

"மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும் சார். மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?"

காலர் அக்கா தைப்பதை நிறுத்தினாள். மெக்கானிக் வந்து பார்த்தால், ஊசி தானாகத் திரும்பாது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுவான்.

எக்ஸ்பிரஸ் எழுந்து நின்றாள்.

"மெஷின் நல்லா இருக்கு, சார். என் கைதான்."

அட அசடே என்று நினைத்தாள் காலர் அக்கா. ஊசி திரும்பியிருப்பதுகூடவா தெரியவில்லை?

"கை சரியில்லாம எதுக்கு இவ்வளவு தூரம் வந்தே?" என்றார் மேனேஜர். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "இவ ட்ரையல்லதானே இருக்கா? திருப்பி அனுப்பிடுங்க. டார்கெட் இப்ப இருக்கிறபடியே இருக்கட்டும்."

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், பட்டன்காரி ஆரம்பித்தாள்.

"என்னடி இது, எக்ஸ்பிரஸ் ஸ்டேஷனை விட்டே கிளம்பலையே!"

வரிசை முழுக்கச் சிரித்தது. காலர் அக்காவும் சிரித்தாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் வெளியே போனார்கள். ஊசியைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பக்கத்து மெஷினுக்குப் போய்க் குனிந்தாள்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். விரலால் தடவியும் பார்த்தாள்.

ஊசி நேராக நின்றது. எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம்.

"காலையிலேயே சரி பண்ணிட்டேன், அக்கா."

பின்னால் எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டிருந்தாள். தன் கத்தரிக்கோலை எடுத்துப் போக வந்திருந்தாள். காலர் அக்காவுக்குக் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை ஒளித்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"அப்ப... நூல்?"

"நான் அறுத்தேன்."

"உனக்கென்ன பைத்தியமா? வந்த வேலையே போச்சேடி! எதுக்கு இப்படிப் பண்ணினே?"

எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பிடித்துச் சொன்னாள்.

"எங்க ஊர் ஃபாக்டரியிலயும் வாட்ச் வெச்சாங்க. நான் வேகமாத் தைச்சேன். டார்கெட் ஏறிச்சு. முதல்ல வெளியே அனுப்பினது எங்கம்மாவை."