கருப்பியின் கொட்டாவி

கருப்பி என்ற கறுப்புப் பூனை மதியத் தூக்கம் கலைந்து கொட்டாவி விட்டதை ஒரு கேமரா படம் பிடித்தது. பத்து நாள் கழித்து ஒரு பேய்ப்பட ட்ரெய்லர் வந்தது. அதில் விளக்கு அணைந்தது, கொலுசுச் சத்தம் கேட்டது, கருப்பி வாயைத் திறந்தாள். உள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறல் வந்தது.

அதைப் பார்த்துப் பயந்த தெரு மீன்காரம்மா அன்று முதல் அவளுக்கு வழக்கமான மீன்தலையைப் போடவில்லை. கல்லால் அடித்தாள். கருப்பிக்குப் பால் வற்றியது. பசியில் துவண்ட குட்டியைக் கவ்விக்கொண்டு அவள் கேமராவிடம் போய், குட்டியைக் கீழே விட்டாள்.

"ஏண்டா, அது என் குரலா?"

"நான் பார்த்ததைத்தான் கொடுத்தேன், அக்கா. அலறலை ஒட்டினது வேற ஆளு."

"என் பக்கத்துல வெள்ளைப் பூனையும்தானே கொட்டாவி விட்டுச்சு? அதை ஏன் போடல?"

"அதைப் பால் விளம்பரத்துக்கு எடுத்துக்கிட்டாங்க."

மரத்திலிருந்த ஆந்தை சிரித்தது. "நான் கழுத்துச் சுளுக்குன்னு ஒரே ஒரு தடவை திரும்பினேன். நாலு படத்துல திரும்பிக்கிட்டே இருக்கேன்."

"சிரிக்காதே! என் பிள்ளை சாகக் கிடக்குது!" கருப்பி பல் தெரியச் சீறினாள்.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. "அக்கா, இதையே இன்னொரு தடவை. இரண்டாம் பாகத்துக்கு ஆகும்."

கருப்பி வாயை இறுக மூடிக்கொண்டாள். அவள் காலடியில் குட்டி பசியால் கத்த வாயைத் திறந்தது. கேமரா மெல்ல அதன் பக்கம் திரும்பியது.

கருப்பி பாய்ந்து குட்டியின் வாயைப் பொத்தினாள்.