ஓரத் துண்டு

“ஒரு துண்டு கேக்குக்கு இவ்வளவு விலையா? பகல் கொள்ளை!”

விலைப்பட்டியலைப் பார்த்ததும் மனைவி எழுந்தேவிட்டாள். கணவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“ஒரே ஒரு துண்டு. எனக்காக.”

கேக் வந்தது. ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டவள் முகத்தைச் சுளித்தாள்.

“ஓரமெல்லாம் காஞ்சு கிடக்கு. ஏம்மா, கூச்சமே இல்லாம இதை இந்த விலைக்கு விக்கிறீங்களே?”

கேக் கொண்டுவந்த பெண்ணுக்குச் சுருக்கென்றது.

“விலை ஜாஸ்திதான் மேடம், அதை முதலாளிகிட்ட கேளுங்க. கேக்கைக் குறை சொல்லாதீங்க. அவர் வெளியிலேர்ந்து வாங்கிட்டு வர்றார், யார் செய்யறாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா மதியத்துக்குள்ள காலியாயிடும். ஒரு பெரியவர் மொறுமொறுன்னு இருக்குன்னு ஓரத் துண்டுக்காகவே தினம் வர்றார். உங்களுக்கு வேண்டாம்னா தட்டைக் குடுங்க, நான் சாப்பிட்டுக்கறேன்!”

மனைவி சட்டென்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். துணுக்கு மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தாள்.

தெருவில் இறங்கியதும் கணவர் மெல்ல ஆரம்பித்தார்.

“நான் நல்லா இருக்குன்னு சொன்னா, ‘ஐஸ் வைக்காதீங்க’ன்னு வாயை அடைச்சிடுவே. சரி, நாளைலேருந்து கேக் செஞ்சு தரமாட்டேன்னு கடை முதலாளிகிட்ட சொல்லச் சொன்னியே, சொல்லிடவா?”

“சும்மா வாங்க,” என்றாள் அவள், நடையை எட்டிப் போட்டபடி. “முட்டை வாங்கணும். நாளைக்கு அந்தப் பெரியவருக்கு ஓரத்தை இன்னும் கொஞ்சம் முறுகவிடணும்.”