சான்று தேவை

"என் வரியைத் திரும்பத் திரும்ப அழிக்கிற புண்ணியவான் இங்க யாரு?"

வாசலில் நின்றபடியே கேட்டாள் சுஹுரா. தார் எஸ் சலாம் நூலகத்தின் பின்னறையில் மடிக்கணினிகளோடு உட்கார்ந்திருந்த நாலைந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் எழுதித் திருத்தலாம் என்கிற சுவாஹிலி மொழி இணையக் கலைக்களஞ்சியத்துக்குச் சம்பளமில்லாமல் எழுதுகிறவர்கள். சனிக்கிழமைதோறும் இங்கே கூடுவார்கள். அதை விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் கடற்கரை ஊரான தாங்காவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள்.

"எந்தப் பக்கம் அக்கா?" என்றான் கொம்போ என்ற குண்டு இளைஞன். "நான் கால்பந்து மட்டும்தான் எழுதறேன். அங்கயே எனக்குத் தினம் அடி விழுது."

"தூக்க மாத்திரை. ஃபீனோபார்பிட்டோன்."

கொம்போவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மூலையில் இருந்த ஒல்லியான மனிதர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான்தாம்மா அழிச்சது. என் பேரு முவாக்கலிங்கா. வந்து உட்காருங்க."

"உட்கார்றதுக்கு வரல."

சொன்னாளே தவிர, உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் பாதி வழி நின்றுகொண்டே வந்த கால்கள். யாரோ நீட்டிய தேநீரைத் தொடவில்லை.

"என் தம்பி ஷபானி. துறைமுகத்துல வேலை போச்சு. அந்தக் கவலையில தூக்கமில்லாமக் கிடந்தான். டாக்டர் குடுத்த மாத்திரை. ஒண்ணே ஒண்ணு போட்டுட்டுப் படுத்தவன், விடிஞ்சப்ப இல்ல. ஊர் என்ன சொல்லுது தெரியுமா? அவனே முடிச்சுக்கிட்டானாம். எங்கம்மா குழாயடிக்குப் போனா எல்லார் பேச்சும் நின்னுபோகுது. அடக்கத்துக்கு வந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"'டாக்டர் சொன்ன அளவே சில பேரைக் கொன்னுடும்.' இந்த ஒரு வரி அதுல இருந்தாப் போதும். போனை எடுத்துட்டுப் போய்க் குழாயடியில சத்தமா வாசிப்பேன். நான் எழுதறேன், நீங்க அழிக்கிறீங்க. மறுபடி எழுதறேன், மறுபடி அழிக்கிறீங்க."

முவாக்கலிங்கா திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"மதுவோட சேர்ந்தா ஆபத்து, அளவு மீறினா மூச்சு நின்னுடும், பழகிட்டா விடறது கஷ்டம். எல்லாம் இருக்கு பாருங்க. எதையும் மறைக்கல."

"நல்லதும்தான் எழுதி வச்சிருக்கீங்க!"

"வலிப்பு வர்ற பிள்ளைகளுக்கும் இதே மாத்திரைதாம்மா குடுக்கறாங்க. இல்லாதப்பட்டவங்க கைக்கு எட்டறது இது ஒண்ணுதான். 'ஒரு மாத்திரையே கொல்லும்'னு படிக்கிற தாய் அன்னைக்கே நிறுத்திடுவா. திடீர்னு நிறுத்தினா வலிப்பு அடுக்கடுக்கா வரும். அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்றது?"

"ஆக, மாத்திரைக்குப் பரிஞ்சு பேச ஆள் இருக்கு. என் தம்பிக்கு இல்ல." சுஹுரா அவர் பக்கம் விரலை நீட்டினாள். "கம்பெனிக்காரன் எவ்வளவு குடுக்கறான் உங்களுக்கு?"

"அக்கா, வார்த்தையை அளந்து பேசுங்க" என்று கொம்போ எழுந்தான். முவாக்கலிங்கா கையமர்த்தினார்.

"தம்பி ரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்தாங்களா?"

"அன்னைக்கே அடக்கம் பண்ணிட்டோம்."

"மாத்திரை டப்பாவுல மிச்சம் ஏதாவது இருந்துச்சா?"

சுஹுரா தேநீர்க் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள்.

டப்பாவை முதலில் பார்த்தவள் அவள்தான். அம்மா எழுந்திருக்கும் முன் அதை முக்காட்டுத் துணியில் சுருட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள். ஆட்டிப் பார்த்தபோது சத்தமே இல்லை. அலையில் வீசிவிட்டுத் திரும்பி வந்தவள், இன்றுவரை அதை யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானேகூட.

"மாசக் கடைசி. மாத்திரை தீர்ற நேரம்தான்" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளைப் பார்த்த பார்வையில் சந்தேகமும் இல்லை. அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

"கல்லுய்யா நீங்க! வெறும் கல்லு! அந்த ஒரு வரி கொஞ்ச நாள் இருந்துட்டுப் போனா உலகம் முழுகியா போயிடும்?"

"இருந்துச்சும்மா" என்றார் அவர். "நீங்க எழுதறதுக்கு ரொம்ப முன்னாடி. ஏறக்குறைய இதே வரி. எழுதின ஆள் அதுக்குச் சான்று தேடாத இடமில்ல. பெரிய ஆஸ்பத்திரி டாக்டருங்க, வெளிநாட்டு ஆராய்ச்சி, எல்லாம் பார்த்தாச்சு. நல்லா இருந்த ஆளை ஒரு மாத்திரை கொன்னதா எங்கயும் கிடைக்கல. கடைசியில அதையும் அழிக்க வேண்டியதாப் போச்சு."

"அழிச்சீங்களா! எழுதினவங்க சும்மாவா விட்டாங்க? என்னை மாதிரி வந்து உங்க சட்டையைப் பிடிக்கலையா?"

கொம்போ தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மற்றவர்களின் விரல்களும் விசைப்பலகையில் அசையாமல் இருந்தன. முவாக்கலிங்கா சட்டை நுனியால் கண்ணாடியை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எழுதினதும் நான்தாம்மா, அழிச்சதும் நான்தான்" என்றார். "அந்த வரி இருந்த வரைக்கும், என் மக துசெகிலே கடைசி ராத்திரி ஒரே ஒரு மாத்திரைதான் போட்டாள்னு நம்பிக்கிட்டிருந்தேன்."