டை இல்லாமல் வந்தவர்

வின்சனுக்கு டை கட்டிப் பழக்கமில்லை. அன்று காலை மனைவி கம்சாதான் கட்டிவிட்டாள்.

“குசினியில நிக்கிறவனுக்கு டை என்னத்துக்கப்பா?” என்றான் அவன்.

“ரிவியில சமைக்கிறவையே டையோடதானே நிக்கினம். இன்ரவியூவுக்குச் சும்மா போகேலுமே?”

“ஓம், உண்மைதான். முந்தி ஒருக்கா டை இல்லையெண்டு என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பினவை.”

முல்லைத்தீவில் புதிதாகத் திறக்கவிருந்த சாப்பாட்டுக் கடைக்குள் அவன் போய் உட்கார்ந்தான். சற்று நேரத்தில், சமையல் வேலை கேட்டு வந்த ஒருவர் வாசலிலேயே தயங்கி நின்றார்.

“ஐயா, என்னட்ட டை இல்லை. உள்ள வரலாமோ?”

கடையின் முதலாளியான வின்சன் தன் டையைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டான்.

“வாங்கோ அண்ணை, இருங்கோ. நண்டுக் கறிக்கு முதல்ல என்ன போடுவியள்?”